காரைக்குடிக் காதுக்கு இங்கிலீஷ் எதுகை: ஒத்த ஒலிச் சொல் தேடுவது எப்படி?

பலகாரக் கடைக்கு ஒரு டேக்லைன், பழைய வீட்டை ஓட்டலாக்கியவர்களுக்கு ஒரு ரீல், கல்லூரி கல்ச்சுரலுக்கு ஒரு ராப் என்று காரைக்குடிப் பக்கம் இப்போது யாராவது ஒருவர் தமிழையும் இங்கிலீஷையும் கலந்து எதையாவது எழுதிக்கொண்டேதான் இருக்கிறார். எழுதுகிற எல்லோரும் மாட்டுவது ஒரே இடத்தில்தான்: இந்தச் சொல்லுக்கு ஒலி ஒத்துப்போகிற இங்கிலீஷ் சொல் எது? உடனே போனை எடுத்துத் தேடி, வந்த பட்டியலில் மேலே இருக்கும் நாலைந்தைப் பார்த்து, ஒன்றும் ஒட்டவில்லை என்று மூடிவைத்துவிடுகிறார்கள். பட்டியலைத் திறப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை கொஞ்சம் இருக்கிறது. அதற்கு இங்கிலீஷ் புலமை பெரிதாக வேண்டாம். எதுகை மோனை பழகிய காதும் தமிழ் அரிச்சுவடியும் போதும், இரண்டும் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. கண்ணதாசன் பிறந்த சிறுகூடல்பட்டியும் அழ. வள்ளியப்பா பிறந்த இராயவரமும் இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கின்றன, ஆகவே மண்ணைக் குறை சொல்லவும் வழியில்லை.

காதுக்கா, கண்ணுக்கா?

எழுத உட்காரும் முன் இதை முடிவு செய்துகொள்ளுங்கள். பாட்டு என்றால் ஒலி சேர்ந்தால் போதும், ஸ்பெல்லிங் என்ன என்று கேட்பவருக்குத் தெரியப்போவதில்லை. போர்டு என்றால் படிக்கிறவர் கண்ணில் இரண்டு அர்த்தமும் பட்டாக வேண்டும், அங்கே எந்த ஸ்பெல்லிங்கில் எழுதுவது என்பதே பாதி வேலை.

அடுத்தது, யாருடைய காது? கானாடுகாத்தானில் பழைய வீட்டில் அறை வாடகைக்கு விடுகிற ஒருவர், இனிப்பைக் குறிக்கும் 'ஸ்வீட்'டையும் ஓட்டலின் பெரிய அறையைக் குறிக்கும் சொல்லையும் வைத்து விளையாட நினைக்கிறார் என்று வையுங்கள். இங்கிலீஷ்காரருக்கு இரண்டும் ஒரே உச்சரிப்பு, எழுத்து மட்டும்தான் வேறு. நம்மூரில் அந்த அறையைப் பலரும் 'சூட்' என்றுதான் சொல்கிறார்கள். வெளிநாட்டுப் பயணி போர்டைப் பார்த்துச் சிரிப்பார், சாவி எடுத்துக் கொடுக்கிற தம்பிக்கு அதில் என்ன இருக்கிறதென்றே புரியாது. அந்த போர்டு யாருக்காக என்பதைப் பொறுத்து அது நல்ல சிலேடை, இல்லையென்றால் வீண் பெயின்ட்.

முதல் மெய்யைக் கழற்றுங்கள்

தேட வேண்டிய சொல்லை இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கில் வைத்துப் பார்க்காதீர்கள். தமிழில் எழுதுங்கள். ஆத்தங்குடித் தரைக்கல்லை வைத்து ஒரு கல்யாண வீட்டு ரீல் எழுதுகிறீர்கள், முக்கியச் சொல் 'டைல்'. முன்னால் நிற்கும் மெய்யை எடுத்துவிட்டால் 'ஐல்' மிஞ்சும். இனி அரிச்சுவடி வரிசையில் ஒவ்வொரு மெய்யாக முன்னால் வைத்து வாய்விட்டுச் சொல்லுங்கள்: நைல் (ஆறு), பைல் (குவியல்), ஃபைல், மைல், வைல் (கேவலமான), வைல் (அந்த நேரத்தில் என்கிற பொருளில் வருவது). அப்புறம் இரட்டை மெய்: ஸ்டைல், ஸ்மைல். ஒன்றுமே சேர்க்காமல் வெறும் 'ஐல்' என்றாலே மூன்று சொல் கிடைக்கும்: கல்யாணத்தில் மணப்பெண் நடந்து வரும் நடைபாதை, தீவு, 'நான் செய்வேன்' என்பதன் சுருக்கம். இந்த மூன்றையும் 'டைல்' என்கிற ஸ்பெல்லிங்கை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் கண்டுபிடித்திருக்க முடியாது, ஏனென்றால் எழுத்தில் அவற்றுக்கும் இதற்கும் உறவே இல்லை.

'ஃபீல் தி டைல், வாக் தி ஐல்.' ரீலுக்கு இவ்வளவு போதும். செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கிற கால் ஒரு ஷாட், மணமேடைக்கு நடக்கிற கால் ஒரு ஷாட்.

இதற்கு நேர் எதிரான பொறியும் உண்டு, எழுத்து ஒத்துப்போய் ஒலி ஒத்துப்போகாத சொற்கள். பணத்தைக் குறிக்கும் 'மனி'யும் போலியைக் குறிக்கும் 'ஃபோனி'யும் இங்கிலீஷில் கிட்டத்தட்ட ஒரே வாலோடு எழுதப்படுபவை, வாய்க்கு வந்தால் வேறு வேறு. தமிழில் எழுதிப் பார்த்தால் இந்த ஏமாற்று அங்கேயே தெரிந்துவிடும். மோனைக்கும் இதே கதைதான். 'செட்டிநாடு ஷெஃப்' என்று போர்டு வைக்கிறவர்கள் இங்கிலீஷில் இரண்டும் ஒரே இரண்டு எழுத்தில் தொடங்குவதைப் பார்த்து மோனை என்று நினைத்துக்கொள்கிறார்கள். காதில் விழுவது ஒன்று 'செ', இன்னொன்று 'ஷெ'. 'செட்டிநாடு சிக்கன்' தான் மோனை.

அழுத்தம் எங்கே விழுகிறது?

தமிழில் நாம் குறில் நெடில் பார்த்துப் பேசுகிறோம். இங்கிலீஷில் ஒரு சொல்லுக்குள் ஏதோ ஓர் அசையில் குரல் அழுந்தும், அந்த அசையின் உயிரெழுத்திலிருந்து கடைசி வரை ஒத்துப்போனால்தான் அவர்கள் கணக்கில் முழு இயைபு. இதைத் தெரியாமல் போனால் வருகிற தகராறுக்கு நல்ல உதாரணம் 'ஹோட்டல்'. நாம் 'ஹோ'வில் அழுத்தி 'ட்டல்' என்று முடிப்போம், அதனால் நம் காதுக்கு 'டோட்டல்' ஜோடி. இங்கிலீஷ்காரர் 'ஹோ'வை லேசாக விட்டுவிட்டு 'டெல்' என்று அழுத்துவார், அவருக்கு ஜோடி பெல், செல், ஸ்மெல். ராப் பாடுகிற பையன் 'ஹோட்டல்'லையும் 'ஸ்மெல்'லையும் சேர்க்க நினைத்தால் பாடும்போது 'ஹொடெல்' என்று பாடியாக வேண்டும், தாளத்தின் அடியும் 'டெல்' மேல் விழ வேண்டும். 'டோட்டல்'லோடு சேர்த்தால் நம்மூர் மேடையில் கைதட்டு விழும். இரண்டும் சரிதான், ஒரே பாட்டில் இரண்டு விதமாகவும் சொல்லாதீர்கள், அவ்வளவுதான்.

'மொபைல்' இன்னொன்று. நம் வாயில் அது 'டைல்'லுக்கு அழகாக ஒட்டும். அமெரிக்கர் பலர் 'மோபிள்' என்கிற மாதிரி சொல்வார்கள், அவர்களுக்கு ஒட்டாது. காரைக்குடிக் கல்லூரி மேடைக்கு எழுதும்போது அமெரிக்கரைக் கேட்க வேண்டியதில்லை என்பது என் கட்சி.

தமிழ் எழுத்தே ஒரு தேடுபொறி

தமிழில் க, ச, ட, த, ப ஒவ்வொன்றுக்கும் ஒரே எழுத்துதான், கனமாகச் சொல்வதற்கும் லேசாகச் சொல்வதற்கும் தனித்தனி எழுத்து கிடையாது. இங்கிலீஷ் சொல்லைத் தமிழில் எழுதும்போது இது தொல்லை என்று நினைக்கிறோம், ஆனால் ஒத்த ஒலி தேடுகிறவனுக்கு இதுதான் வரம். 'கோட்' என்று எழுதுங்கள். ஆடும் அதுதான், சட்டைக்கு மேல் போடுவதும் அதுதான், கம்ப்யூட்டரில் எழுதுவதும் அதுதான். 'கோட் ஒண்ணு கோட் போட்டு கோட் எழுதுது' என்று ஒரு வரி கையில் வந்து விழுகிறது. முதல் இரண்டும் இங்கிலீஷ் காதுக்கே முழு இயைபு, மூன்றாவது கிட்டத்தட்ட. 'காப்பி'யும் அப்படியே: குடிப்பதும் அது, பரீட்சையில் அடிப்பதும் அது. 'வைன்' என்றால் குடிக்கும் வைனும் கொடியும். 'வெஸ்ட்' என்றால் மேற்கும் உள்சட்டையும்.

இது நம் கற்பனை வித்தை இல்லை. அமெரிக்காவில் ராபர்ட் ரஸ்ஸல் என்பவர் 1918-ல் சவுண்டெக்ஸ் என்ற முறைக்குப் பேட்டன்ட் வாங்கினார். ஒரே மாதிரி ஒலிக்கிற, வேறு வேறு ஸ்பெல்லிங்கில் இருக்கிற ஆள் பெயர்களை ஒரே இடத்தில் தேடி எடுப்பதற்கான முறை அது. பிற்பாடு அங்கே மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளில் பெயர் தேடவும் இதைப் பயன்படுத்தினார்கள். பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பி, எஃப், வி மாதிரி உதட்டொலிகளுக்கெல்லாம் 1, டி என்று நாம் எழுதும் D, T இரண்டுக்கும் 3, எம், என் இரண்டுக்கும் 5 என்று எண் கொடுத்து, உயிரெழுத்தைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். ராபர்ட், ரூபர்ட் இரண்டுக்கும் ஒரே குறியீடு வரும். தமிழ் அரிச்சுவடி ப, ட என்று ஏற்கெனவே செய்துவைத்திருக்கும் வேலைதான் இது.

ஆனால் ஓர் இடத்தில் தமிழ் எழுத்து கையை விரித்துவிடும். உயிரெழுத்து. பூனையும் 'கேட்', வாசல் கதவும் 'கேட்'. இங்கிலீஷில் இவை இரண்டும் சேரவே சேராது. சந்தேகம் வந்தால் உயிரை இழுத்துச் சொல்லிப் பாருங்கள்: கதவை இழுத்தால் கடைசியில் 'இ' எட்டிப் பார்க்கும், 'கெய்ட்' என்பதுபோல. பூனையை இழுத்தால் வாய் திறந்தபடியே நிற்கும், 'இ' வராது. பையைக் குறிக்கும் 'பேக்', அடுப்பில் சுடுவதைக் குறிக்கும் 'பேக்' இரண்டையும் இதே சோதனையில் பிரித்துவிடலாம். மெய்யில் தாராளமாக இருங்கள், உயிரில் கறாராக இருங்கள். உயிர் மாறினால் எவ்வளவு வேகமாகப் பாடினாலும் பிசிறு தெரியும்.

முழு இயைபு கிடைக்காதபோது

பெரும்பாலும் கிடைக்காது, கிடைத்தாலும் ஏற்கெனவே நூறு பேர் பாடித் தேய்த்ததாக இருக்கும். அப்போது வல்லினம், மெல்லினம், இடையினம் என்று பள்ளியில் படித்ததைக் கையில் எடுங்கள். உயிர் மாறக்கூடாது, கடைசி மெய் அதே இனத்துக்குள் மாறலாம். 'ப்ளேட்' எடுத்துக்கொள்ளுங்கள். ஏ-யை அடுத்து வல்லினம். அதே ஏ, வேறு வல்லினம்: கேக், ஷேக், க்ரேப், டேப். சாப்பாட்டு ரீலுக்கு இதுவே தாராளம். 'டைம்' என்றால் மெல்லினம், ஆகவே ஃபைன், லைன், சைன் எல்லாம் வரலாம். இங்கிலீஷில் பாட்டு எழுதுகிறவர்களும் இப்படி மெய்களைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்து வைத்துக்கொண்டுதான் வேலை பார்க்கிறார்கள்.

எதுகையை மறந்துவிடாதீர்கள். இங்கிலீஷ் பாட்டில் கடைசியில்தான் எல்லோரும் கவனம் வைப்பார்கள், நமக்கோ அடியின் தொடக்கத்தில் இரண்டாம் எழுத்து ஒத்துப்போனால்தான் காது நிறையும். முதல் எழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும், குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். 'பட்டர்', 'பெட்டர்', 'பிட்டர்' மூன்றும் இந்தக் கணக்குக்குச் சரியாக வரும், மூன்று வரிகளின் தொடக்கத்தில் வைத்துப் பாருங்கள். இங்கிலீஷ் மட்டும் தெரிந்தவருக்குத் தோன்றாத இடம் அது.

இப்போது தளங்களைத் திறக்கலாம்

இயைபுச் சொல் தேடித் தரும் ரைம்ஸோன் தளம் எல்லோருக்கும் தெரிந்தது. பலர் முதல் பெட்டியில் சொல்லைப் போட்டு வந்ததைப் படிப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். முழு இயைபு தவிர அதில் நெருங்கிய இயைபு, ஒலி ஒத்த சொற்கள், மெய்கள் மட்டும் ஒத்த சொற்கள் என்றும் தேடலாம். கடைசியில் சொன்னது நம் எதுகைக்கு ரொம்ப உதவும். இதன் பின்னால் இருக்கும் டேட்டாம்யூஸ் என்ற சேவையைக் கொஞ்சம் கோடிங் தெரிந்தவர்கள் நேரடியாகவே கேட்கலாம். 'இந்தச் சொல்லோடு இயைய வேண்டும், ஆனால் சாப்பாடு சம்பந்தமாகவும் இருக்க வேண்டும்' என்று இரண்டு நிபந்தனையையும் ஒன்றாகக் கொடுக்க முடியும், டேக்லைன் எழுதுகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்.

உச்சரிப்பில் சந்தேகம் என்றால் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் உச்சரிப்பு அகராதி இலவசமாகவே கிடைக்கிறது. 1,34,000-க்கும் மேல் சொற்கள், ஒவ்வொன்றும் 39 ஒலிகளுக்குள் உடைத்து எழுதப்பட்டிருக்கும். உயிரொலிக்குப் பக்கத்தில் 0, 1, 2 என்று ஓர் எண் இருக்கும். 1 இருந்தால் முதன்மை அழுத்தம், 2 என்றால் அதைவிடக் குறைவு, 0 என்றால் அழுத்தமே இல்லை. கடைசி 1 எங்கே இருக்கிறது என்று பார்த்து அங்கிருந்து ஒப்பிட்டால் போதும், மேலே சொன்ன ஹோட்டல் தகராறு ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். இது அமெரிக்க உச்சரிப்பு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். சொல்லைக் காதால் கேட்க வேண்டுமென்றால் ஃபோர்வோ இருக்கிறது, பல நாட்டுக்காரர்கள் பதிவு செய்த குரல்கள்.

சாட்பாட்டிடமும் கேட்கலாம், தப்பில்லை. அது எழுத்தைத்தான் படிக்கிறது, ஒலியைக் கேட்பதில்லை, அதனால் ஸ்பெல்லிங்கில் மட்டும் ஒத்துப்போவதையும் கூடவே அள்ளிக் கொட்டும். வந்ததை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்காமல் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, தமிழ்ச் சொல்லுக்கு இங்கிலீஷ் ஜோடி வேண்டுமென்றால் என்ன செய்வது? இந்தத் தளங்களுக்குத் தமிழ் தெரியாது. அதே மாதிரி ஒலிக்கிற இங்கிலீஷ் சொல் ஒன்றைப் பினாமியாகக் கொடுக்க வேண்டும். 'ஆச்சி' வேண்டும், ஆர்ச்சி என்ற ஆண் பெயரைப் போடுங்கள், பிரிட்டிஷ்காரர் வாயில் அது அச்சு அசல் ஆச்சிதான், ரகரம் காணாமல் போய்விடும். அதற்கு 'ஸ்டார்ச்சி' வரும், கஞ்சி போட்டு விறைத்த என்று அர்த்தம். அமெரிக்க அகராதி ரகரத்தை விடாது என்பதால் ஒரே பினாமியோடு நிறுத்தாமல் இன்னொன்றையும் போடுங்கள், கராச்சி ஊர்ப் பெயர். இப்போது மெக்சிகோ நாட்டு இசைக்குழு 'மரியாச்சி' வந்து நிற்கும். கையில் இருப்பதை அடுக்கினால்:

கஞ்சி போட்ட கண்டாங்கி, ஃபுல் ஸ்டார்ச்சி
வளவுல வந்து நின்னா எங்க ஆச்சி
மெக்சிகோகாரனுக்கு மரியாச்சி
எங்க தெருவுக்கு எங்க ஆச்சி

'ஆச்சி' இரண்டு முறை வருவதை யாராவது குறை சொல்லலாம். ராப்பில் திரும்ப வரும் சொல் குறை இல்லை, தாளம்.

உடைத்து ஒட்டும் சிலேடை

நம் அணி இலக்கணத்தில் சிலேடையை செம்மொழி, பிரிமொழி என்று இரண்டாகச் சொல்வார்கள். சொல்லைப் பிரிக்காமலே இரண்டு பொருள் வந்தால் செம்மொழி, வேறு வேறு இடத்தில் பிரித்து இரண்டு பொருள் வந்தால் பிரிமொழி. காளமேகப் புலவரின் ஆட்டமெல்லாம் இந்த மைதானத்தில்தான். இங்கிலீஷ் குழந்தைகள் 'ஐஸ் க்ரீம்'மையும் 'நான் கத்துகிறேன்' என்ற பொருள் வரும் 'ஐ ஸ்க்ரீம்'மையும் வைத்து விளையாடுவது பிரிமொழி.

இதைச் செய்ய, சொல்லை அசை அசையாகப் பிரித்து, பிரிவை ஒவ்வோர் இடமாக நகர்த்திக்கொண்டே போக வேண்டும். நம்மூர்ப் பெயரையே எடுப்போம். 'காரைக்குடி.' கா-ரைக்-குடி என்று பிரித்தால் ஒன்றும் இல்லை. 'ரை'யில் இருந்து ஐகாரத்தைத் தனியாகக் கழற்றுங்கள்: கார்-ஐ-குடி. 'ஐ' என்றால் நான். 'குடி'யை இங்கிலீஷ் காதால் கேளுங்கள், 'குட்' என்றால் முடியும், பின்னால் ஓர் 'ஈ' தொங்குகிறது. அந்த 'ஈ'க்கு ஒரு 'ட்' சேர்த்தால் 'ஈட்', சாப்பிடு. 'கார்'ருக்கு ஒரு 'அம்' சேர்த்தால் 'காரம்'. காரம், ஐ குட் ஈட்! மெஸ் வாசலில் எழுதலாம். இரண்டு இடத்தில் கொஞ்சம் துருத்துகிறது, வேகமாகச் சொன்னால் விழுங்கிவிடும். தொடக்கமும் அழுத்தம் விழும் இடங்களும் ஒத்துப்போனால் நடுவில் ஒரு மெய் கூடினாலும் குறைந்தாலும் காது மன்னித்துவிடும். தொடக்கமே மாறினால் மன்னிக்காது.

இரண்டு சொல்லை ஒன்றுக்குள் ஒன்று நுழைப்பது இன்னொரு வகை. தேன் ஊற்றிக் கொடுக்கிற பணியாரத்துக்கு 'ஹனியாரம்' என்று பெயர் வைக்கலாம். ஹனி, பணி இரண்டும் ஒரே நீளம், 'யாரம்' என்ற வால் வந்ததுமே எந்தப் பலகாரம் என்று தெரிந்துவிடுகிறது. வால் தெரியாமல் வெட்டினால் மூலச்சொல் போய்விடும், 'ஹனிரம்' என்றால் யாருக்கும் எதுவும் புரியாது, குடிக்கிற ரம் வேறு நினைவுக்கு வரும்.

வெளியே விடுவதற்கு முன்

எழுதியதைக் காட்டாதீர்கள், படித்தும் விளக்காதீர்கள். போனில் பதிவு செய்து, விஷயம் தெரியாத ஒருவருக்குப் போட்டுக் காட்டி, காதில் விழுந்ததைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். நீங்கள் நினைத்த சொல்லையே எழுதினால் ஒலி நிற்கிறது. ஒரு கல்லூரிப் பிள்ளை, ஒரு வயதானவர் என்று இரண்டு பேரிடமாவது செய்யுங்கள், வயதானவர் காதில்தான் விபரீதங்கள் வெளியே வரும். வேடிக்கையைக் குறிக்கும் 'ஃபன்னி'யைப் பணியாரத்தோடு சேர்த்து 'ஃபன்னியாரம்' என்று வைத்தால் கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் 'ஃப' வராத வாயில் அது பன்னியாரம் ஆகிவிடும், பலகாரக் கடைக்கு அது வேண்டாம். இங்கிலீஷ் பக்கமும் கொச்சைச் சொற்களுக்கான அர்பன் டிக்‌ஷனரி தளத்தில் ஒரு முறை போட்டுப் பார்த்துவிடுங்கள், அப்பாவியாகத் தெரிகிற சொல்லுக்கு அங்கே படு கேவலமான அர்த்தம் இருக்கும்.

பாட்டென்றால் இத்தோடு சரி. கடைப் பெயராகவோ பாக்கெட் மேல் அச்சிடும் பெயராகவோ வைக்கப்போகிறீர்கள் என்றால், பெயின்டரைக் கூப்பிடும் முன் மத்திய அரசின் டிரேட்மார்க் தளத்தில் தேடிவிடுங்கள், அங்கே தேடுவதற்குப் பணம் கிடையாது. மாவுப் பலகாரம், இனிப்பு, காப்பிக்கு வகுப்பு 30, மெஸ், ஓட்டலுக்கு வகுப்பு 43. அந்தத் தளத்திலேயே ஒலி ஒற்றுமையை வைத்துத் தேடும் வசதியும் இருக்கிறது, அதில் போடுங்கள். வேறு ஸ்பெல்லிங்கில் இருந்தாலும் ஒரே மாதிரி ஒலிக்கிற பெயருக்கு ஆட்சேபம் வரலாம்.